பெட்டிக்குள் எத்தனை யூனிட்? – மின்சாரத்தைச் சேமித்து வைத்த கதை



"சோலார் பேனலோடு கையில் தூக்கிக்கொண்டு போகிற பவர் ஸ்டேஷன் என்று ஒரு பெட்டி வருகிறதே, எதை வாங்கலாம்? நாலு பேர் கேட்கிறார்கள், ஒரு கட்டுரை எழுதுங்கள்" என்று செயலாளர் கேட்டார். எந்தக் கம்பெனி என்று எழுதினால் அடுத்த இதழ் வருவதற்குள் அது பழசாகிவிடும். அதனால் அந்தப் பெட்டி எங்கிருந்து வந்தது என்ற வரலாற்றை எழுதுகிறேன் என்றேன். வரலாறு தெரிந்தால் எதைப் பார்த்து வாங்குவது என்பது தானே விளங்கும். அது தெரியாமல் நான் செய்த ஒரு தவறையும் சொல்ல வேண்டியிருக்கிறது. அதையே முதலில் சொல்லிவிடுகிறேன்.

2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல் நாள். நம் தெருவில் முழங்கால் தண்ணீர். முந்தின இரவே கரண்டை நிறுத்திவிட்டார்கள். 2015 வெள்ளத்தில் நம் ஜெனரேட்டர் மூழ்கியதால் அதன்பின் மேடை கட்டி ஏற்றி வைத்தோம் அல்லவா, அதனால் இந்த முறை அது ஓடியது. ஆனால் அதிலிருந்து மோட்டாருக்கும், லிஃப்டுக்கும், நடைபாதை விளக்குக்கும்தான் லைன் இருக்கிறது. வீடுகளுக்குக் கிடையாது. லிஃப்ட் குழியில் தண்ணீர் புகுந்ததால் அதுவும் நின்றுவிட்டது.

நான்காம் மாடியில் எழுபத்தெட்டு வயது அம்மா ஒருவர் இருக்கிறார். நுரையீரல் பிரச்சினை. இரவில் ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் இல்லாமல் தூங்க முடியாது. இரண்டு மாதம் முன்பு அவர் மகன் என்னிடம் ஒரு பெட்டியின் படத்தைக் காட்டி, "சார், நீங்கள் பாங்க்கில் இருந்தவர், கணக்கில் புலி. கரண்ட் போனால் அம்மாவுக்கு இது போதுமா பாருங்கள்" என்றார். மெஷின் 350 வாட். பெட்டியில் 600 வாட் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. "350-க்கு 600 இருக்கிறது, தாராளமாகப் போதும்" என்றேன். வாங்கிவிட்டார்.

அன்று இரவு ஒன்பது மணிக்குப் பெட்டியில் மெஷினைச் செருகினார்கள். பத்தேகாலுக்குப் பெட்டி அணைந்துவிட்டது. முழு சார்ஜில் இருந்த பெட்டிதான், எந்தக் கோளாறும் இல்லை. வீட்டில் இருந்த சின்ன சிலிண்டரை மாட்டிக்கொண்டு, மூன்று தம்பிகள் அந்த அம்மாவை நாற்காலியில் உட்கார வைத்து நான்கு மாடி இறக்கி, தண்ணீரில் சுமந்து மெயின் ரோட்டுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே ஒரு மினி லாரி கிடைத்தது. நாலு நாள் ஆஸ்பத்திரியில் இருந்து நல்லபடியாகத் திரும்பி வந்தார். இதை எழுத அவரிடம் அனுமதி வாங்கியிருக்கிறேன்.

பெட்டி என்ன செய்ய வேண்டுமோ அதைச் செய்தது. தவறு என்னுடையது.

லிமிட் வேறு, பாலன்ஸ் வேறு

ஏ.டி.எம். கார்டில் ஒரு நாளைக்கு 40,000 எடுக்கலாம் என்று லிமிட் இருக்கும். கணக்கில் இருப்பது 5,000 என்றால் அந்த லிமிட்டால் என்ன பயன்? முப்பத்தாறு வருடம் கவுன்டரில் உட்கார்ந்து இதைத்தான் வாடிக்கையாளர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். பெட்டி விஷயத்தில் எனக்கே மறந்துவிட்டது.

வாட் என்பது லிமிட். ஒரே நேரத்தில் எவ்வளவு வேகமாக எடுக்கலாம் என்பது அது. வாட்-அவர் என்பது பாலன்ஸ். உள்ளே மொத்தம் எவ்வளவு இருக்கிறது என்பது அது. இதை நீங்கள் புதிதாகக் கற்க வேண்டியதில்லை. இ.பி. கார்டில் வருகிற யூனிட்தான் அது. 1000 வாட்-அவர் ஒரு யூனிட். அந்த வீட்டுப் பெட்டியில் 600 வாட்டுக்குக் கீழே சின்ன எழுத்தில் 512 வாட்-அவர் என்று இருந்தது. அதாவது அரை யூனிட். பேட்டரியில் இருப்பதை வீட்டு கரண்டாக மாற்றும்போது ஏறக்குறைய 15 சதவீதம் போய்விடும். மீதி 435. அதை 350-ஆல் வகுத்தால் ஒன்றேகால் மணி நேரம். ஒன்பது மணிக்குப் போட்டது பத்தேகாலுக்கு நின்றது சரியான கணக்குத்தான்.

இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமாக வாங்கிப் பழகிய நமக்கு, அரை யூனிட்டைப் பிடித்து வைப்பது எவ்வளவு பெரிய வேலை என்பது தெரிவதில்லை. அதற்கு மனிதர்கள் இருநூறு வருடத்துக்கு மேல் பாடுபட்டிருக்கிறார்கள்.

ஓட்டமும் இருப்பும்

இத்தாலியைச் சேர்ந்த அலெஸ்ஸாண்ட்ரோ வோல்டா, தாம் செய்த மின்கலத்தைப் பற்றி 1800 மார்ச்சில் லண்டன் ராயல் சொசைட்டிக்குக் கடிதம் எழுதினார். வெள்ளித் தகடு, துத்தநாகத் தகடு, நடுவே உப்புத் தண்ணீரில் நனைத்த துணி அல்லது அட்டை; இப்படி மாற்றி மாற்றி அடுக்கியதில் இடைவிடாத மின்னோட்டம் கிடைத்தது. ஆனால் அதை மறுபடி சார்ஜ் செய்ய முடியாது. தகடு கரைந்தால் முடிந்தது. எடுக்க மட்டும் முடிகிற, போட முடியாத கணக்கு அது. நாம் டார்ச்சில் போட்டுத் தூக்கி எறிந்த கட்டைகள் எல்லாம் அந்த வம்சம்.

மறுபடி போட்டு எடுக்கக்கூடிய கணக்கை 1859-ல் திறந்தவர் பிரான்ஸின் காஸ்டன் பிளான்டே. இரண்டு ஈயத் தகடுகளைச் சுருட்டி அமிலத்தில் வைத்தார். வெளியிலிருந்து மின்சாரம் செலுத்தினால் ஏற்றுக்கொண்டது, பிறகு திருப்பிக் கொடுத்தது. 1881-ல் கமீய் ஃபோர் ஈயத் தகட்டின்மேல் ஈய ஆக்சைடு பசையைப் பூசி, அதே எடையில் அதிக இருப்பு வைக்க வழி கண்டார். இன்று நம் வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியும் கார் பேட்டரியும் அதன் பேரப்பிள்ளைகள்தான்.

அதில் ஒரு வில்லங்கம் உண்டு. 1897-ல் பாய்க்கர்ட் என்ற ஜெர்மானியர் அதைக் கணக்காகவே எழுதி வைத்தார். ஈய பேட்டரியிலிருந்து மெதுவாக எடுத்தால் முழுத் தொகையும் கிடைக்கும். வேகமாக எடுத்தால் மொத்தமே குறைந்துவிடும். பேட்டரியில் 150 ஏ.எச். என்று எழுதியிருப்பது வழக்கமாக 20 மணி நேரம் மெல்ல எடுத்தால் கிடைப்பது. 12 வோல்ட்டோடு பெருக்கினால் 1800 வாட்-அவர், அதாவது 1.8 யூனிட். ஆனால் பாதிக்கு மேல் அடிக்கடி காலி செய்தால் பேட்டரி சீக்கிரம் போய்விடும். எனவே நம்பி எடுக்கக்கூடியது ஒரு யூனிட்டுக்கும் குறைவு. மினிமம் பாலன்ஸ் என்ற பெயரில் பாதிப் பணத்தை முடக்கி வைத்த கணக்கு மாதிரி.

பேட்டரி ரூம் வந்த கதை

நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் 1932-ல் ஓடத் தொடங்கியது. 1957-ல் மின்சார வாரியம் அமைந்தது. நீர்மின்சாரத்தை அதிகம் நம்பியிருந்த அந்த நாட்களில் சேமிப்பு என்றால் அணைதான். மழை பொய்த்தால் மின்வெட்டு. வீடுகளில் அரிக்கேன் விளக்கும் சிம்னி விளக்கும் கண்ணாடி துடைத்துத் தயாராக இருக்கும். கல்யாண வீட்டில் பெட்ரோமாக்ஸ். இவற்றில் பாலன்ஸ் கண்ணுக்குத் தெரியும்; விளக்கைத் தூக்கி ஆட்டிப் பார்த்தால் எவ்வளவு மண்ணெண்ணெய் இருக்கிறது என்று பாட்டிக்குத் தெரியும். பெட்டி என்று வந்தபிறகுதான் ஆட்டிப் பார்க்க முடியாமல் போனது.

ஒன்றை மட்டும் அப்போது யாரும் கவனிக்கவில்லை. கரண்ட் போனாலும் லேண்ட்லைன் ஃபோன் மட்டும் வேலை செய்தது. காரணம், டெலிஃபோன் எக்ஸ்சேஞ்சில் வரிசையாக வைத்திருந்த 48 வோல்ட் பேட்டரிகள். ரயில் பெட்டிக்கு அடியிலும் அப்படியே. சேமிப்பு மின்சாரம் முதலில் வந்தது பொது வேலைக்கு. வீட்டுக்கு வந்தது ரொம்பப் பின்னால்.

நான் முதன்முதலில் பேட்டரி ரூமைப் பார்த்தது பாங்க்கில். சி. ரங்கராஜன் தலைமையில் அமைந்த குழு 1984-ல் கொடுத்த அறிக்கைக்குப் பிறகு கிளைகளுக்கு மெஷின் வரத் தொடங்கியது. லெட்ஜர் போஸ்டிங் மெஷின் என்போம். மெஷினோடு யு.பி.எஸ்.ஸும் வந்தது. பின்னறையில் இரும்பு ஸ்டாண்டில் பேட்டரிகள், உள்ளே போனால் அமில வாடை. யு.பி.எஸ். மேல் ஐந்து கே.வி.ஏ. என்று கொட்டை எழுத்து. எங்கள் மேனேஜருக்கு அதில் அபார நம்பிக்கை. ஒரு அரையாண்டு முடிவு நாளில் கரண்ட் போனது. "ஐந்து கே.வி.ஏ. இருக்கு, யாரும் எழுந்திரிக்காதீங்க" என்றார். இருபதாவது நிமிடம் எல்லாத் திரையும் இருண்டன. சேமிக்காத பதிவுகளை எல்லாம் மறுநாள் கையால் சரிபார்த்தோம். அந்த யு.பி.எஸ்.ஸும் சொன்னபடிதான் நடந்தது. அதன் வேலை மெஷினை முறையாக மூட அவகாசம் கொடுப்பது. இரவு முழுவதும் ஓட்டுவதல்ல. ஐந்து என்பது லிமிட். பாலன்ஸ் எத்தனை என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. முப்பது வருடம் கழித்து நான்காம் மாடியிலும் நான் கேட்கவில்லை.

இன்வெர்ட்டர் காலம்

கடைத்தெருவில் மண்ணெண்ணெயில் ஓடும் சின்ன ஜெனரேட்டர்கள் கயிற்றை இழுத்துக் கிளப்பப்பட்ட காலம் ஒன்று இருந்தது. வீட்டுக்குள் அந்தப் புகையும் சத்தமும் சரிப்படாது. இன்வெர்ட்டர் அந்த இடத்தைப் பிடித்தது. 2008 முதல் தமிழ்நாட்டில் மின்பற்றாக்குறை வந்து, 2012-ல் சென்னையில் தினமும் இரண்டு மணி நேரம், வெளி மாவட்டங்களில் பத்து மணி நேரத்துக்கும் மேல் என்று ஆனபோது, இன்வெர்ட்டர் இல்லாத வீடு குறைவு என்றாகிவிட்டது. தென்னிந்திய மின்தொகுப்பு நாட்டின் மற்றத் தொகுப்புகளோடு 2013 டிசம்பர் 31-ல் இணைந்தது. புதிய மின்நிலையங்களும் வந்தன. தினசரி வெட்டு மெல்ல மறைந்தது.

ஆனால் வேறு வகை வந்தது. 2015 டிசம்பர் வெள்ளம். 2016 டிசம்பர் 12 வர்தா. 2018 நவம்பரில் டெல்டாவை அடித்துப் போட்ட கஜா. பிறகு மிக்ஜாம். வருடம் முழுவதும் கரண்ட் இருக்கும். போனால் நாள் கணக்கில் போகும். இரண்டு மணி நேர வெட்டுக்கு வாங்கிய இன்வெர்ட்டர் இரண்டு நாள் வெட்டுக்குப் பொருந்தாது. வர்தாவில் முதல் நாள் இரவே நம் பிளாக்கில் பெரும்பாலான இன்வெர்ட்டர்கள் கத்திக்கொண்டே நின்றுவிட்டன. கரண்ட் வந்தால்தான் மறுபடி சார்ஜ் ஆகும். வரவே இல்லாத கணக்கில் எத்தனை நாள் செலவு செய்வது? வரவுக்கு வழி தேடும்போதுதான் சோலார் வருகிறது.

வெயிலின் வரவு

வெளிச்சம் பட்டால் மின்சாரம் பிறக்கும் என்பதை 1839-ல் கண்டவர் எட்மண்ட் பெக்கரெல் என்ற பத்தொன்பது வயது பிரெஞ்சு இளைஞர். அது பயன்படும் பொருளாக நூறு வருடத்துக்கு மேல் ஆனது. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் டேரில் சேப்பின் என்பவருக்கு ஒரு வேலை கொடுத்தார்கள். வெப்பமும் ஈரமும் மிகுந்த ஊர்களில் டெலிஃபோன் கருவிகளுக்கான பேட்டரிகள் சீக்கிரம் கெட்டுப்போகின்றன, மாற்று கண்டுபிடி என்று. நம் ஊர் மாதிரி இடங்களுக்காகத் தொடங்கிய வேலை என்றே சொல்லலாம். சேப்பின், கால்வின் ஃபுல்லர், ஜெரால்ட் பியர்சன் மூவரும் சேர்ந்து செய்த சிலிக்கன் சோலார் செல்லை 1954 ஏப்ரல் 25-ல் காட்டினார்கள். அதன்மேல் விழுந்த வெயிலில் 6 சதவீதத்தை மின்சாரமாக்கியது. ஒரு பொம்மை ராட்டினத்தை அதைக் கொண்டு சுற்றிக் காட்டினார்கள்.

விலையோ யானை விலை. வாங்கக்கூடியவர்கள் விண்வெளிக்காரர்கள் மட்டுமே. 1958 மார்ச் 17-ல் போன வான்கார்டு 1 செயற்கைக்கோளில் சாதாரண பேட்டரியும் இருந்தது, சோலார் செல்லும் இருந்தது. பேட்டரி சில வாரத்தில் தீர்ந்தது. சோலாரில் இயங்கிய டிரான்ஸ்மீட்டர் 1964 வரை பேசியது. இருப்பை மட்டும் வைத்தவனுக்கும் வரவு உள்ளவனுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

ஒன்றை மறக்கக் கூடாது. வான்கார்டு இருந்த இடத்தில் மேகம் கிடையாது. நமக்கு மின்சாரம் போவதே மேகத்தால். சென்னையில் 100 வாட் பேனல், மொட்டை மாடியில் நல்ல வெயிலில், நாளைக்கு 400 வாட்-அவர் அளவுக்குக் கொடுக்கும். அரை யூனிட்டுக்கும் கொஞ்சம் குறைவு. பால்கனியில் அரை நாள் வெயில் என்றால் அதில் பாதி கிடைத்தாலே அதிகம். புயல் நாளில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. எனவே பெட்டியைப் புயலுக்கு முந்தின நாள் சுவரிலிருந்தே முழுதாக நிரப்ப வேண்டும். சோலார் உதவுவது புயல் கடந்து, வானம் வெளுத்து, கரண்ட் மட்டும் வராத மூன்றாம் நாளுக்கு. மலைப்பக்கம் கூடாரம் போட்டுத் தங்கப் போகிறவர்களுக்கும் இதே விதிதான். வெயிலில் விரித்த பேனல் வேலை செய்யும், மர நிழலில் விரித்தது செய்யாது. ஒரு மூலையில் நிழல் விழுந்தாலே வரவு வெகுவாகக் குறையும்.

இரும்பு பேட்டரியும் அமரபுரத்துக்காரரும்

வரவு கிடைத்தாலும், ஈய பேட்டரி தூக்கிக்கொண்டு போகிற சமாச்சாரம் இல்லை. 150 ஏ.எச். பேட்டரியைத் தூக்கியவருக்கு இடுப்பு சொல்லும். லித்தியம் அதை மாற்றியது. 1970-களில் எக்ஸான் எண்ணெய் கம்பெனியில் ஸ்டான்லி விட்டிங்ஹாம் தொடங்கினார். 1980-ல் ஆக்ஸ்ஃபோர்டில் ஜான் குட்இனஃப் கோபால்ட் கலந்த லித்தியம் முனையைக் கண்டார். 1985-ல் ஜப்பானின் அகிரா யோஷினோ பாதுகாப்பான வடிவம் கொடுத்தார். 1991-ல் சோனி கம்பெனி சந்தைக்குக் கொண்டுவந்தது. கைக்கு அடக்கமான வீடியோ கேமராவுக்கும் பிறகு செல்ஃபோனுக்கும் போனது. 2019-ல் மூவருக்கும் வேதியியல் நோபல் கிடைத்தது. அப்போது குட்இனஃபுக்கு 97 வயது.

கோபால்ட் விலை அதிகம். சூடேறினால் தீப்பிடிக்கும் அபாயமும் கூடுதல். மலிவான இரும்பைக் கொண்டு செய்ய முடியாதா என்ற தேடலில் நம் ஊர்க்காரர் ஒருவர் இருக்கிறார். தமிழ்நாட்டின் தென்பகுதியில் அமரபுரம் என்ற சிற்றூரில் பிறந்து, மதுரையில் படித்து, சென்னை ஐ.ஐ.டி.யில் முனைவர் பட்டம் பெற்ற ஆறுமுகம் மந்திரம். குட்இனஃபோடு சேர்ந்து 1980-களின் கடைசியில் இரும்பு சல்ஃபேட் வகைப் பொருள்களை பேட்டரி முனையாக ஆராய்ந்தார். அந்தப் பாதையில் 1997-ல் டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் பாதி, நஞ்சுண்டசுவாமி, குட்இனஃப் ஆகியோர் லித்தியம் இரும்பு பாஸ்ஃபேட்டை வெளியிட்டார்கள். ஸ்டாக்ஹோமில் குட்இனஃபின் நோபல் உரையை அவர் சார்பில் வாசித்தவரும் மந்திரம்தான்.

பெட்டியில் எல்.எஃப்.பி. அல்லது லைஃப்பிஓ4 என்று போட்டிருந்தால் அது இந்த இரும்பு பாஸ்ஃபேட் பேட்டரி. கோபால்ட் வகையைவிடச் சற்றுக் கனம் அதிகம். ஆனால் வெப்பத்தைத் தாங்கும், சுலபத்தில் தீப்பிடிக்காது. பழைய லித்தியம் வகைகள் 500 முதல் 1000 முறை வரை நிரப்பிக் காலி செய்யத் தாங்கும் என்றால், இது 2000 முறைக்கு மேல் தாங்கும். ஈய பேட்டரி மாதிரி பாதியை முடக்கி வைக்கவும் வேண்டியதில்லை.

இந்தத் துறைக்கு நம் ஊரில் இன்னொரு அடையாளமும் உண்டு. காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம். 1948-ல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து வரவழைத்தது. பேட்டரி ஆராய்ச்சி அங்கே இன்றும் நடக்கிறது.

எல்லாம் ஒரே பெட்டியில்

பேட்டரி, இன்வெர்ட்டர், சோலார் சார்ஜர் மூன்றையும் ஒரே உறையில் கைப்பிடியோடு வைத்ததுதான் இன்றைய பவர் ஸ்டேஷன். அமெரிக்காவில் கூடாரம் போடப் போகிறவர்கள்தான் இதன் முதல் வாடிக்கையாளர்களில் முக்கியமானவர்கள். தொடக்ககாலப் பெட்டிகளுக்குள் ஈய பேட்டரியே இருந்தது. 2010-களின் பிற்பாதியில் லித்தியம் விலை இறங்க, சீனாவின் ஷென்சென் நகரக் கம்பெனிகள் வேகமெடுத்தன. அதில் ஒன்றைத் தொடங்கியவர் அதற்குமுன் ட்ரோன் கம்பெனியில் பேட்டரி பிரிவில் இருந்தவர்.

அதாவது டெலிஃபோனுக்குத் தொடங்கிய சோலார், கேமராவுக்குப் போன லித்தியம், கூடாரத்துக்குச் செய்த பெட்டி மூன்றும் சேர்ந்து இப்போது நம் படுக்கையறைக்கு வந்திருக்கின்றன. நோயாளிக்காகச் செய்தது என்று எதுவும் இதில் இல்லை. அதனால்தான் நமக்கு வேண்டியதை நாமே கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது.

நம் வீட்டுக் கணக்கு

ஒரு இரவுக்குச் சாதாரண வீட்டுச் செலவு: பி.எல்.டி.சி. மின்விசிறி 30 வாட், 8 மணி நேரம் – 240. இரண்டு எல்.இ.டி. விளக்கு 20 வாட், 4 மணி நேரம் – 80. வைஃபை 10 வாட், 10 மணி நேரம் – 100. நாலு செல்ஃபோன் – 60. நெபுலைசர் மூன்று தடவை – 100. மொத்தம் 580 வாட்-அவர். மாற்றும்போது போகிற 15 சதவீதத்தையும் சேர்த்தால் ஏறக்குறைய 680. ஆக 1000 வாட்-அவர் பெட்டி, அதாவது ஒரு யூனிட் பெட்டி, ஒரு இரவைத் தாண்டும். எடை பத்து முதல் பதினான்கு கிலோ வரை வரும். தூக்கத்தில் மூச்சுக்கு உதவும் சி-பேப் மெஷினும், ஈரப்பத ஹீட்டரை அணைத்துவிட்டால், இரவுக்கு 300 அளவில் அடங்கும்.

ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் அப்படியல்ல. 350 வாட், 8 மணி நேரம் – 2800. நஷ்டம் சேர்த்தால் 3300. மூன்றேகால் யூனிட். கையில் தூக்கும் பெட்டி எதுவும் இதற்கு ஆகாது. அப்படிப்பட்ட வீட்டில் பெட்டி என்பது சிலிண்டர் மாற்றும்வரை, ஆம்புலன்ஸ் வரும்வரை கிடைக்கும் அவகாசம் மட்டுமே. சிலிண்டர்தான் உண்மையான பாலன்ஸ்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை: முதலில் வாட்-அவர், பிறகு வாட். ஃப்ரிட்ஜ், மிக்ஸி போன்றவை கிளம்பும்போது பல மடங்கு இழுக்கும். அதற்கான உச்ச வாட் தனியாகப் போட்டிருக்கும். ப்யூர் சைன் வேவ் என்று இருக்க வேண்டும். மருத்துவக் கருவிக்கு இது கட்டாயம். எல்.எஃப்.பி. பேட்டரியா, பி.ஐ.எஸ். பதிவு இருக்கிறதா, சென்னையில் சர்வீஸ் உண்டா, சுவரிலிருந்து நிரம்ப எத்தனை மணி நேரம், பேனலின் வோல்ட்டேஜ் பெட்டிக்குப் பொருந்துமா என்று கேளுங்கள். வாங்கிய மறுநாளே கரண்ட் இருக்கும்போதே உங்கள் கருவியைச் செருகி எத்தனை நேரம் ஓடுகிறது என்று கடிகாரம் பார்த்து எழுதி வையுங்கள். அந்த ஒரு சோதனையை அன்று செய்திருந்தால் நான்காம் மாடியில் அந்த இரவு வந்திருக்காது.

வைத்துக்கொள்ளும் முறை: வெயில் காயும் பால்கனியிலும் பூட்டிய காரிலும் வைக்காதீர்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்து நிரப்புங்கள். பெட்டியின் மின்சாரத்தைச் சுவர் பிளக்கில் திருப்பிச் செருகி வீடு முழுக்க ஓட்ட முயலவே கூடாது. வெளியே கம்பத்தில் வேலை செய்யும் இ.பி. ஊழியரின் உயிருக்கு ஆபத்து. இந்த அளவு பெட்டியைப் பயணிகள் விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள். ஊருக்குக் கொண்டுபோக நினைப்பவர்கள் கவனிக்கவும்.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள்

டெலிஃபோன் எக்ஸ்சேஞ்சிலும் ரயிலிலும் சேமிப்பு மின்சாரம் பொதுச் சொத்தாகத்தான் தொடங்கியது என்று எழுதினேன். நாமும் வீட்டுக்கு ஒரு பெட்டி என்று பிரிந்து போவதற்கு முன் மூன்று காரியம் செய்யலாம் என்று தோன்றுகிறது. அடுத்த பொதுக்குழுவில் வைக்கிறேன். ஒன்று, ஒவ்வொரு மாடி நடைபாதையிலும் ஜெனரேட்டர் லைனில் பூட்டுள்ள ஒரு பிளக் பாயின்ட், மருத்துவக் கருவிக்கு மட்டும். இரண்டு, கருவி நம்பி வாழ்கிறவர்கள் எந்த வீட்டில் இருக்கிறார்கள் என்று, அவர்கள் சம்மதத்தோடு, ஒரு பதிவேடு. மூன்று, அக்டோபர் முதல் வாரத்தில் டீசல் இருப்பு எத்தனை மணி நேரத்துக்கு வரும் என்று நோட்டீஸ் போர்டில் எழுதுவது. எத்தனை கே.வி.ஏ. என்று அல்ல, எத்தனை மணி நேரம் என்று.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபிறகு அந்த அம்மாவைப் பார்க்கப் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன், வார்த்தை சரியாக வரவில்லை. "கூட்டுறதுல தப்பு வந்தா மறுபடி கூட்ட வேண்டியதுதானே தம்பி" என்று சொல்லிவிட்டு, காபி போட மருமகளைக் கூப்பிட்டார். இப்போது அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் பெரிய சிலிண்டர் இரண்டு நிற்கின்றன. அந்தப் பெட்டியும் இருக்கிறது. அதன்மேல் ஒரு தாள் ஒட்டி, "1 மணி 15 நிமிடம்" என்று எழுதியிருக்கிறோம்.

பெட்டி வாங்க நினைப்பவர்கள் உங்கள் வீட்டுக் கருவிகளின் வாட் அளவைக் குறித்துக்கொண்டு, ஞாயிறு காலை சங்க அலுவலகத்துக்கு வாருங்கள். சேர்ந்து உட்கார்ந்து கணக்குப் போடுவோம். இந்த முறை நான் இரண்டு தடவை கூட்டிப் பார்க்கிறேன்.